ஐயோவுக்கு அடுத்த சொல்

"என்ர வாயால நான் சொன்னாலொழிய, இந்தக் கதிரை இந்த ஜன்னலை விட்டு அரை இஞ்சி அசையாது!"

கொன்ஸ்ரன்ரைன் இப்பிடிச் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிஞ்சு வந்த கையோட. கேட்ட ஆக்கள் ரெண்டு பேர். ஒண்டு அவற்ர மனிசி பிறிஜெற். மற்றது பக்கத்து வீட்டு ஜவாஹிறா. இரவலா வாங்கின சுளகைத் திருப்பிக் குடுக்க வந்தவ, வாசலிலயே நிண்டிட்டா.

"சரி, அசையவேண்டாம்," எண்டா பிறிஜெற். "அந்த அரை இஞ்சியைத் தேத்தண்ணிக்கு வாங்கிக்கொண்டு வாங்கோ. வீட்டில இஞ்சி முடிஞ்சு போச்சு."

ஜவாஹிறா சுளகால வாயை மூடிக்கொண்டா. சுளகு குலுங்கினதைப் பார்த்தால் உள்ளுக்க சிரிப்பு.

விஷயம் இதுதான். பிறிஜெற் தைக்கிறவ. மாதா கோயிலில முதல்நன்மை எடுக்கிற பிள்ளையளின்ர வெள்ளைச் சட்டையெண்டால் கொட்டாஞ்சேனையில இருந்து முகத்துவாரம் வரைக்கும் பிறிஜெற்றின்ர கைதான். வெள்ளைத் துணியில வெள்ளை நூல் ஓடுறதைப் பார்க்க வெளிச்சம் வேணும். கரண்ட் எண்ட சாமான் அந்த நாளையில சொந்தக்காரர் மாதிரி. வரும், கதிரை இழுத்துப் போடுறதுக்கிடையில போயிடும். வீட்டில இருக்கிறது ஒரேயொரு நல்ல ஜன்னல். ஜன்னலடியில கிடக்கிறது கொன்ஸ்ரன்ரைன்ர கதிரை. கதிரையில கிடக்கிறது கொன்ஸ்ரன்ரைன். வெளியில பெரிய சண்டை நடந்த காலம். உள்ளுக்க நடந்தது இந்தச் சண்டை.

கதிரையெண்டால் சும்மா கதிரை இல்லை. கப்பல் கதிரை. கொன்ஸ்ரன்ரைன் துறைமுகத்தில டாலிக் கிளார்க். இறங்கிற மூட்டையளைப் பார்த்து எண்ணிறதுதான் உத்தியோகம். ஒரு கிழட்டுப் பயணிக் கப்பலை இரும்புக்கு வித்த நேரம், அதின்ர மேல்தட்டில கிடந்த கன்வஸ் சாய்மனைக் கதிரையை ஓட்டோவில போட்டு, கால் ரெண்டும் வெளியில நீட்டிக்கொண்டிருக்க வீட்டை கொண்டுவந்தவர். வழியில செக்பொயின்றில ஆமிக்காரன் அதை விரிச்சுப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான், கடைசியா ஒருக்கா ஏறி இருந்தும் பார்த்தான். எழும்ப மனமில்லாமல்தான் எழும்பினவன்.

பின்ன? மத்தியானச் சோறு உள்ள போனாப்பிறகு அதில சாய்ஞ்சு பாருங்கோ. ஜன்னலால உப்புக்காத்து வரும். கன்வஸ் மெல்லமா மூச்சு விடும். கூரையளுக்கு மேலால தெரியிற கிரேன் தலையள் கொக்கு மாதிரி நடக்கத் தொடங்கும். எங்கையோ ஒரு கப்பல் 'பூம்ம்' எண்டு கூப்பிடும். அவ்வளவுதான். கொட்டாஞ்சேனை கயிறவிழ்ந்து புறப்பட்டிடும். வீடு போகும், லேன் போகும், கொடியில காயிற வெள்ளைச் சட்டையெல்லாம் பாய் விரிக்கும். ஆரும் ஐடென்ரிக்காட் கேக்காத ஒரு கடலில கொன்ஸ்ரன்ரைன் தன்னந்தனியப் போய்க்கொண்டிருப்பார். துறைமுகத்துக்குள்ள ஆரும் சுழியோடி வந்திடக்கூடாதெண்டு நேவிக்காரர் தண்ணிக்கடியில வெடி போடுவினம். 'டும்' எண்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அவருக்கு அதுகூட, ஆரோ வந்து கதவைத் தட்டிப்போட்டு, 'சரி, பாவம், படுக்கட்டும்' எண்டு திரும்பிப் போற மாதிரித்தான் கேக்கும்.

அந்தக் கடலை விட்டுட்டுத் தையல் மெஷினுக்கு இடம் குடு எண்டால் எந்த மனிசன் குடுப்பான்?

இனி அந்த வீட்டுச் சட்டத்தைச் சொல்லவேணும்.

பிறிஜெற்றின்ர வீட்டில தூஷணம் கிடையாது. கால் நகம் பிஞ்சால் 'ஐயோ'. காலே பிஞ்சால் 'ஐயையோ'. 'சேசுவே' எண்டு சொல்லலாம், ஆனா ரத்தம் வரவேணும். 'கடவுளே' தவக்காலத்தில கூடாது. 'சனியன்', 'மூதேவி' ரெண்டும் செருப்போட சேர்த்து வாசலுக்கு வெளியில கழட்டி வைக்கவேணும்.

"ஐயோவில என்ன குறை?" எண்டு கேப்பா பிறிஜெற். "தமிழனும் ஐயோ எண்டுறான், சிங்களவனும் ஐயோ எண்டுறான், ஜவாஹிறாவும் ஐயோ எண்டுறா. செக்பொயின்றில மறிக்காத ஒரே சொல்லு அதுதான்."

அது உண்மைதான். பஸ்ஸில கால் மிதிபட்டு 'அம்மா!' எண்டு கத்தினால் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சிங்களத்தில 'அம்மே!' எண்டு கத்தினால் ஆரும் பார்க்கமாட்டினம். 'ஐயோ' எண்டால் மிதிச்சவனே கையைப் பிடிச்சு நிப்பாட்டுவான். பட்டணத்தில பெரிய குண்டு வெடிச்ச அண்டைக்கு, லேன் முழுக்க எல்லா வீட்டுக்குள்ள இருந்தும் ஒண்டா வந்ததும் அந்தச் சொல்லுத்தான்.

ஆனா துறைமுகத்தில வேலை செய்யிற மனிசனுக்கு ஐயோ காணுமோ? அங்க ஒஸ்வால்ட் எண்டொரு மேஸ்திரி. காலமை ஏச வாயைத் திறந்தால் சிங்களத்தில தொடங்கி, தமிழில திரும்பி, இங்கிலீசில கொண்டுபோய்க் கட்டுவார். கொன்ஸ்ரன்ரைன் ஒண்டையும் திருப்பிச் சொல்லமாட்டார். ஒண்டையும் மறக்கவும் மாட்டார். முத்திரை சேர்க்கிற மாதிரி ஒவ்வொண்டையும் நாக்குக்கு அடியில ஒட்டி வைச்சிருந்தார். மலையாள மாலுமி ஒருத்தன் போகேக்க விட்டுட்டுப் போன நீளமான சொல்லொண்டு அதில தனி ராசா. கலியாணம் கட்டின நாளில இருந்து ஏறின சரக்கு. இறக்கத்தான் கப்பல் கட்ட ஒரு ஜெட்டி இல்லை. தலையில மூட்டை விழுந்தாலும் 'ஐயோ'வோட நிப்பாட்டுறபடியால் துறைமுகத்துச் சிங்கள ஆக்கள் அவருக்கு வைச்ச பேரே 'ஐயோ மஹத்தயா', ஐயோத் துரை.

சபதம் போட்டு அடுத்த ஞாயிறு.

சோறு, மீன்குழம்பு, கதிரை. மேசை விசிறி 'கிர்ர்' எண்டு சுத்துது. கப்பல் அரைவாசிக் கடலுக்குப் போட்டுது. தூரத்தில ஏதோ ஒரு தீவு, அதில தென்னை மரங்கள் எல்லாம் இவரைக் கண்டு தலை ஆட்டுது. திடீரெண்டு காத்து நிண்டுது. கரண்ட் போட்டுது. கழுத்தால வேர்வை இறங்க, கொன்ஸ்ரன்ரைன் அப்பிடியே கரைக்கு வந்து மோதினார். கண்ணைத் திறக்க முதல் வாய் திறந்திட்டுது.

"இந்தப் பூசணிக்காய்க்குப் பிறந்த கரண்ட்!"

(பூசணிக்காய் நான் போட்டது. அவர் சொன்ன சொல்லை அப்பிடியே எழுதினால் பிறிஜெற் இந்தத் தாளையும் சவுக்காரம் போட்டுக் கழுவிக் கொடியில போட்டிடுவா. இனிப் பூசணிக்காய் வாற இடமெல்லாம் உங்கட ஊர்ச் சரக்கைப் போட்டு நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கோ.)

அப்பத்தான் அவருக்கு விளங்கினது, வீட்டுக்குள்ள ஆக்கள் நிக்கினம். பிறிஜெற்றும், மகளுக்குச் சட்டைத்துணி கொண்டுவந்த ஜவாஹிறாவும். கொன்ஸ்ரன்ரைன் கண்ணைத் திறக்கேல்ல. கல்லு மாதிரிக் கிடந்தார்.

"அல்லாவே! பிறிஜெட், கொன்ஸ்ரன்ரைன் நானா இப்ப என்ன செல்லின?"

"உஷ்ஷ்! மனிசன் நித்திரை."

"ஒறக்கத்துலயா இப்பிடி ஏசுற?"

"நித்திரையில வாறதுக்குப் பாவமில்லை, ஜவாஹிறா. பங்குச் சுவாமியே சொன்னவர். நித்திரையில மனிசன் சொல்றது, செய்யிறது ஒண்டும் கணக்கில வராதாம்."

"அதுவும் சரிதான். எங்கட வீட்டுக்காரர் மஹ்ரூபும் ஒறக்கத்துல பேசுற. ஆனா அவர் துணிக்கு வெல பேசுற."

ரெண்டு பேரும் குசினிப் பக்கம் போச்சினம். கொன்ஸ்ரன்ரைன் மூடின கண்ணுக்குள்ள ஒரு பெரிய றோட்டைக் கண்டார். அகலமான றோட்டு. செக்பொயின்ற் இல்லை, சாக்கு மூட்டை இல்லை, ஆமிக்காரன் இல்லை. கணக்கில வராதாம்! பாவமில்லையாம்! பங்குச் சுவாமியே சொன்னவராம்! அவருக்குக் கண்ணில தண்ணி வந்திட்டுது. இவ்வளவு வருஷமும் இந்த ஜெட்டி தன்ர வீட்டு ஜன்னலடியிலயே கிடந்திருக்கே.

அடுத்த ஞாயிறு அவர் வேலைக்கு இறங்கினார்.

சாப்பிட்டார். சாய்ஞ்சார். அளவாக் குறட்டை விட்டார். பிறிஜெற் பக்கத்தில வந்து நிண்டா.

"இஞ்சாருங்கோ. நித்திரையோ?"

"ஓம்," எண்டார்.

பிறிஜெற் குனிஞ்சு அவற்ர முகத்தைப் பார்த்தா. பிறகு, "சரி, வடிவாப் படுங்கோ," எண்டு போட்டுப் போனா. கொன்ஸ்ரன்ரைன் நாக்கைக் கடிச்சார். ஆனா அந்த 'ஓம்'மோட கொஞ்சம் குறட்டையும் கலந்து விட்டதால தப்பினன் எண்டு நினைச்சார். மனிசன் அப்பிடித்தான் நினைப்பான்.

பிறகு தொடங்கினார் பாருங்கோ. நித்திரையில தான் டாலிக் கிளார்க் இல்லை, மேஸ்திரி எண்டு வைச்சுக்கொண்டார். குழம்பில உப்புக் கூடின ஞாயிறு, "டேய் பூசணிக்காய்! இவ்வளவு உப்பு மூட்டையையும் ஆரடா ஒரே கப்பலில ஏத்தினது?" எண்டார். முன்வீட்டு ரேடியோ கத்தின ஞாயிறு, "அந்தப் பூசணிக்காய்ச் சங்கை ஆரடா ஊதுறது? நிப்பாட்டடா!" எண்டார். பிறிஜெற் பூசணிக்காய்க் கறி வைச்ச ஞாயிறு (இது உண்மையான பூசணிக்காய்), "திரும்பவும் பூசணிக்காயோ, பூசணிக்காய்!" எண்டார்.

பிறிஜெற் வந்து போர்வையை இழுத்துவிட்டா.

சரக்கு இறங்க இறங்கக் கப்பல் லேசாச்சு. ஏசி முடிச்சாப்பிறகு வந்த நித்திரை இருக்கே, அது வேற நித்திரை. வெளிச்சவீடு தாண்டிப் போனார். தண்ணி பால் மாதிரிக் கிடந்த இடத்துக்குப் போனார். அங்க மீனெல்லாம் தண்ணிக்கு மேல வந்து, 'ஐயோ மஹத்தயா போறார்' எண்டு சிங்களத்தில கதைச்சுது. திங்கக்கிழமையளில துறைமுகத்துக்குப் போகேக்க காலில செருப்பு இருக்கோ எண்டு குனிஞ்சு பார்ப்பார். அவ்வளவு லேசு.

அப்பத்தான் சகலன் வந்தார்.

இராஜநாயகம். பிறிஜெற்றின்ர தமக்கை டோரினைக் கட்டினவர், வெள்ளவத்தைக்காரர். வந்தாரெண்டால் கூடவே 'அக்சுவலி'யும் வரும். ரெண்டும் ஒரு கதிரையில இருக்கும்.

"அக்சுவலி, தம்பி, எங்கட வீட்டில இருந்து பார்த்தால் கடல் நேரா உள்ளுக்க தெரியும். இஞ்ச கிரேன் மட்டும்தான் தெரியுது, என்ன?"

"ஓம், அண்ணை."

"அக்சுவலி, மூட்டை எண்ணிறதுக்குப் படிப்புத் தேவையோ, தம்பி? சும்மா அறியக் கேக்கிறன்."

"சாப்பிட்ட களை அண்ணை. ஒரு சொட்டு..." எண்டு கொன்ஸ்ரன்ரைன் அப்பிடியே சாய்ஞ்சார். தலை சரிஞ்சுது. குறட்டை வந்துது. குறட்டைக்குப் பின்னால அது வந்துது.

"டேய், அக்சுவலிக்குப் பிறந்த பூசணிக்காயே! உன்னை ஆரடா கொட்டாஞ்சேனையில இறக்கினது? திருப்பி ஏத்துங்கடா இவனை! வெள்ளவத்தைச் சாக்கில போட்டுக் கட்டுங்கடா!"

இராஜநாயகத்தின்ர கோப்பை வாய்க்கும் சோசருக்கும் நடுவில நிண்டிட்டுது.

"பிறிஜெற்... இது எனக்கோ?"

"சீச்சீ! என்ன அத்தான் நீங்கள்! அவர் நித்திரை. துறைமுகத்துக்கு அக்சுவலி எண்ட பேரில ஏதும் கப்பல் வந்திருக்கும்."

"ஓ. கப்பலோ."

"முழிப்பில உங்களைப் போய் அப்பிடிச் சொல்லுவாரோ?"

"முழிப்பில சொல்லியிருந்தால், அக்சுவலி, நானும் டோரினும் இனி இந்தப் படி மிதிச்சிருக்கமாட்டம்," எண்டு சொல்லி இராஜநாயகம் மிச்சத் தேத்தண்ணியைக் குடிச்சார்.

கொன்ஸ்ரன்ரைனுக்கு உள்ளுக்க பெருநாள். வெளியில குறட்டை.

மற்ற ஞாயிறும் இராஜநாயகம் வந்தார். பிறிஜெற்தான் சாப்பாட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டவ. அதிலயாவது மனிசன் உஷாராகியிருக்கவேணும். ஆகேல்ல. ஆண்டவர் சரக்கு இறக்க இன்னொரு கப்பலும் அனுப்பிறார் எண்டு சந்தோசப்பட்டார். அந்த மலையாளச் சொல்லை எடுத்துத் துடைச்சு வைச்சார். சட்டைக்கு அளவு பார்க்க ஜவாஹிறாவும் வந்திருந்தா. பிறிஜெற் வாயில குண்டூசியளைக் கடிச்சுக்கொண்டு அங்கயும் இங்கயும் திரிஞ்சா.

"தலைக்கு உயரம் காணாது," எண்டு சொல்லி ஒரு சின்னத் தலையணையைக் கொண்டுவந்து அவற்ர முதுகுக்குப் பின்னால வைச்சா. தலைக்கு உயரம் காணாட்டில் ஏன் முதுகுக்கு வைக்கிறா? அதையும் அவர் யோசிக்கேல்ல. கண்ணை மூடியிட்டார். குறட்டை விட்டார். நல்லாச் சாய்ஞ்சார்.

குத்திச்சுது.

இந்த இடத்தில எவனுக்கும் 'ஐயோ' தான் வரும். கொன்ஸ்ரன்ரைனுக்கும் தொண்டை வரைக்கும் வந்துது. ஆனா 'ஐயோ' எண்டால் துள்ளவேணும். துள்ளினால் முழிக்கவேணும். முழிச்சால் மலையாளச் சொல்லு வீணாப் போயிடும். அதால வந்த ஐயோவைப் பல்லுக்குள்ள கடிச்சு விழுங்கிப்போட்டு, மூடின கண்ணோட, முழுச் சரக்கையும் ஒரே தூக்கில இறக்கினார்.

"டேய்! இந்தப் பூசணிக்காய்ப் பூசணிக்காய்க்குப் பிறந்த கதிரையை இஞ்ச ஆரடா போட்டது? தூக்குங்கடா! தூக்கிக் கொண்டுபோய் மூலையில எறியுங்கடா!"

தூரத்தில, தண்ணிக்கடியில 'டும்' எண்டுது. ஜன்னல் கண்ணாடி நடுங்கி ஓய்ஞ்சுது.

"ஜவாஹிறா, கேட்டனீரோ?" எண்டா பிறிஜெற்.

"நல்லாக் கேட்டிச்சு."

"அத்தான்?"

"அக்சுவலி, றோட்டுக்கே கேட்டிருக்கும்."

"என்ர வாயால சொன்னாலொழிய அரை இஞ்சி அசையாதெண்டு அண்டைக்குச் சபதம் போட்டவர். இப்ப தன்ர வாயாலயே சொல்லிப்போட்டார்."

"அப்பிடித்தான் செல்லின," எண்டா ஜவாஹிறா. "நான் சொளகோட நிண்ட."

கொன்ஸ்ரன்ரைன் கண்ணைத் திறந்தார். "இஞ்சேரும் பிறிஜெற், அது... அது நித்திரையில வந்த சொல்லு. கணக்கில வராது!"

"பாவக் கணக்கில வராது. வாய் உங்கட வாய்தானே? நித்திரைக்கெண்டு வேற வாய் வாங்கி வைச்சிருக்கிறீங்களோ? 'மனசால சொன்னாலொழிய' எண்டு நீங்கள் சொல்லேல்ல. 'வாயால' எண்டுதான் சொன்னனீங்கள்."

"அப்பிடிப் பார்த்தால் நான் நித்திரையே இல்..."

பாதியில சொல்லு நிண்டிட்டுது. ஏனெண்டால் இராஜநாயகம் கோப்பையை மெதுவாச் சோசரில வைச்சார்.

"நித்திரை இல்லையோ, தம்பி? அப்ப போன ஞாயிறு?"

வீடு அவற்ர வாயைப் பார்த்துது. இந்தப் பக்கம் கதிரை. அந்தப் பக்கம் சகலன், சகலனுக்குப் பின்னால டோரின், டோரினுக்குப் பின்னால பிறிஜெற்றின்ர சொந்தம் முழுக்க. ரெண்டு பக்கமும் செக்பொயின்ற், நடுவில கொன்ஸ்ரன்ரைன். கையில ஐடென்ரிக்காட்டும் இல்லை. ஜன்னலைப் பார்த்தார். கிரேனெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிண்டுது.

அவர் மெல்லமாத் திரும்பவும் கண்ணை மூடினார்.

"நித்திரை," எண்டார்.

"பாவம், எழுப்பவேண்டாம்," எண்டா பிறிஜெற். "அத்தான், அந்தக் காலைப் பிடியுங்கோ. ஜவாஹிறா, நீர் இந்தப் பக்கம்."

எத்தினையோ மத்தியானம் கனவில மட்டும் ஓடின அந்தக் கதிரை, அண்டைக்குத்தான் உண்மையாப் பயணம் போச்சுது, கொன்ஸ்ரன்ரைனையும் ஏத்திக்கொண்டு. சிமெந்து நிலத்தில 'கிறீச்' எண்டு இழுபட்டு, திருஇருதயப் படத்தைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைச் சுத்தி, மெல்ல மெல்ல ஆடிக்கொண்டு போச்சுது. கப்பல்காரன் கண் திறக்கேல்ல. உப்புக்காத்து குறைஞ்சு குறைஞ்சு, மண்ணெண்ணெய் மணம் வந்துது. பிறகு வெங்காய மணம். குசினி மூலையில தேங்காய் துருவுற திருவலைக்குப் பக்கத்தில 'டக்' எண்டு முட்டி, கதிரை கரை சேர்ந்துது.

பின்னேரம் எல்லாரும் போட்டினம். ஜன்னலடியில இருந்து தையல் மெஷின் சத்தம் வந்துது, கடற்கரைப் பக்கமாப் போற ரயில் மாதிரி. வெள்ளைத் துணி பிறிஜெற்றின்ர மடியால வழிஞ்சு, வெளிச்சத்தில அலை அலையா நிலத்தில இறங்கினது. மூலையில இருந்து பார்க்க வடிவாத்தான் இருந்துது. அதை ஒப்புக்கொள்ளத்தான் அவருக்கு மனமில்லை.

கொஞ்சத்தால பிறிஜெற் இஞ்சித் தேத்தண்ணியோட வந்தா. கோப்பையைக் கையில குடுத்துப்போட்டு, முதுகுக்குப் பின்னால இருந்த தலையணைக்குள்ள விரலை விட்டு ஒரு குண்டூசியை இழுத்தெடுத்தா. தேடின சாமான் கிடைச்ச மாதிரி அதை வாயில கடிச்சுக்கொண்டா.

கொன்ஸ்ரன்ரைன் அந்த ஊசியைப் பார்த்தார்.

"எப்ப இருந்து தெரியும் உமக்கு?"

"கரண்ட் போன அண்டையில இருந்து. நித்திரை கொள்ளுற மனிசனுக்குக் கரண்ட் போனது எப்பிடித் தெரியும்?" ஊசி இருந்ததால வாய் ஒரு பக்கமாத்தான் சிரிச்சுது. "பிறகு 'நித்திரையோ' எண்டு கேட்டன். 'ஓம்' எண்டனீங்கள்."

அவர் தேத்தண்ணியை உறிஞ்சினார். காரமா இருந்துது. எல்லாம் போச்சு. ஜன்னல் போச்சு, கடல் போச்சு, மலையாளச் சொல்லும் செலவழிஞ்சு போச்சு. ஆனா ஒரு சின்ன ஆசை மட்டும் மிச்சமிருந்துது. முழிப்பில ஐயோ மஹத்தயா எண்டாலும், உண்மையான நித்திரையில, ஆரும் மறிக்காத அந்தத் தூரக் கடலில, தான் எப்பிடிப்பட்ட ஆள்? ஒஸ்வால்ட் மாதிரி நிண்டு முழங்குவாரோ? அந்த மீன்கள் எல்லாம் சும்மாவோ வந்து பார்த்தது?

"பிறிஜெற்," எண்டார், குரலைத் தாழ்த்தி. "நான் உண்மையாவே நித்திரை கொள்ளேக்க... ஏதும் சொல்றனானோ?"

"சொல்லுவீங்கள். ஒவ்வொரு நாளும்."

கொன்ஸ்ரன்ரைன் நிமிர்ந்து இருந்தார். "என்ன சொல்லு? பெரிய சொல்லோ?"

பிறிஜெற் ஊசியை வாயால எடுத்துச் சட்டைக் கழுத்தில குத்தினா.

"'ஐயோ, பிறிஜெற்.'"